முதுகில் அப்பாவின் பெயர்

தொப்பியை இன்னும் கொஞ்சம் கீழே இழுக்கலாம், ஆனால் இதற்கு மேல் இழுத்தால் எனக்குக் கதவு தெரியாது, கதவு தெரியாவிட்டால் மூச்சிரைக்க வருகிறவன் பலகையில் போய் மோதுவான், மோதினால் கோச் திரும்பி என்னைப் பார்ப்பார், அவர் என்னைப் பார்க்காமல் இருந்தால் போதும் என்பதுதான் இப்போது என் ஒரே வேண்டுதல். இரண்டாம் பகுதி ஆட்டம் தொடங்கிவிட்டது. ஆட்டக்காரர் இருக்கிற வாங்கின் கடைசி நுனியில் நான் இருக்கிறேன். காலில் கவசம், மார்பில் கவசம், தலையில் மட்டும் முகமூடிக்குப் பதிலாக அணியின் தொப்பி. பனிக்கட்டி ஹொக்கியில் கோல் காக்கிற கோலியை ஆட்டத்தின் நடுவே வெளியே எடுத்தால் அவனுக்குக் கிடைக்கிற வேலை இதுதான்: களைத்து வருகிறவனுக்குக் கதவைத் திற, அடுத்தவன் இறங்கியதும் மூடு. முதல் பகுதியில் ஐந்து கோல் விட்டேன். ஐந்தாவது கிட்டத்தட்ட நடுக்கோட்டிலிருந்து அடித்தது. அடித்தவனே அது போகும் என்று நினைக்கவில்லை, முதுகைத் திருப்பிக்கொண்டு தன் வாங்குக்குப் போய்க்கொண்டிருந்தான், சனங்கள் சிரித்த சத்தத்தில்தான் திரும்பிப் பார்த்தான். கோச் என்னைக் கூப்பிடவில்லை. பக்கத்தில் மாற்று ஆளாக இருந்த கோர்டியின் தோளைத் தட்டினார், அவ்வளவுதான். கோலிலிருந்து வாங்கு வரைக்கும் நானாகவே வரவேண்டும். நடக்கிறவனாவது தலையைக் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டு வரலாம், சறுக்கிக்கொண்டு வருகிறவன் நிமிர்ந்துதான் வரவேண்டும். வழியில் ஒவ்வொருவனும் மட்டையால் என் கால்கவசத்தில் மெல்லத் தட்டினான். அது எங்கள் வழக்கம். செத்த வீட்டில் கை கொடுப்பதுபோல, ஒருவரும் முகத்தைப் பார்ப்பதில்லை. நான் உள்ளே வந்து இருந்ததும் கோச் பனியைப் பார்த்தபடியே, கதவைக் கவனி என்றார். கவனித்துக்கொண்டிருக்கிறேன்.

கோர்டி மெத்தைக் கடை வைத்திருக்கிறார். அதைச் சொல்லாமல் விட்டால் என் நிலைமை யாருக்கும் விளங்காது. எங்கள் இரண்டாவது கோலியை மேலே இருக்கிற பெரிய அணி இன்று மத்தியானம் திடீரென்று கூப்பிட்டுவிட்டது, அவன் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான், பதிலுக்கு ஒருவன் வாங்கில் இருந்தே ஆகவேண்டும் என்று விதி, அதனால் ஊருக்குள் யார் கோல் காப்பார்கள் என்று விசாரித்துக் கோர்டியைக் கூட்டிவந்தார்கள். நாற்பது தாண்டியவர். செவ்வாய்க்கிழமைகளில் சிநேகிதர்களோடு விளையாடுகிறவர், விளையாடி முடிந்ததும் பியர் குடிக்கிறவர். உடைமாற்றும் அறையில் எல்லோருக்கும் கை கொடுத்தார், எனக்கு இரண்டு தரம் கொடுத்தார், உங்களுடைய ஆட்டத்தை வாங்கிலிருந்து பார்ப்பதே எனக்குப் பெரிய பாக்கியம் என்றார், உண்மையாகத்தான் சொன்னார், அந்த உண்மைதான் இப்போது குத்துகிறது. எனக்குப் பதிலாக வேறொரு கோலி இறங்கியிருந்தால் பொறுத்திருப்பேன், இது தொழில், இன்று நான், நாளை அவன். ஆனால் இவர் மெத்தை விற்கிறவர். அதுவும் என்னுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு. கோலியின் சட்டை மற்றவர்களுடையதைவிட அகலமாகத் தைத்திருக்கும், கவசத்துக்கு மேலே போடவேண்டும் அல்லவா, அந்த அளவில் மிச்சமிருந்தது என் மாற்றுச் சட்டை ஒன்றுதான். சாமான் பார்க்கிற பெப் வெள்ளைப் பட்டியை வெட்டி இலக்கத்தை ஒருமாதிரி மாற்றி, முதுகில் இருந்த பெயரின்மேல் நீளமாக ஒரு பட்டியை ஒட்டினார். இவர் இறங்கப் போகிறாரா என்ன, சும்மா இருக்கத்தானே போகிறார் என்று பெப்பும் நானும் சிரித்தோம். அப்போது நான் சிரித்தேன். இப்போது அவர் கோலில் நிற்கிறார், வந்த முதல் அடியைக் காலால் தடுத்தார், இரண்டாவதைத் தடுக்கப் போய் விழுந்தார், விழுந்த இடத்துக்கே அந்த ரப்பர் வட்டு வந்தது, அரங்கம் எழும்பி நின்று கோர்டி கோர்டி என்று கத்துகிறது. அரைவாசிப் பேர் அவரிடம் வாங்கிய மெத்தையில் படுக்கிறவர்களாக இருக்கும். கதவைத் திறந்தேன். மூடினேன்.

கண். கண்ணைப் பற்றி நினைக்கக்கூடாது. ஆனால் நினைக்காமல் இருந்துவிட்டு வேறு எதை நினைக்கிறது, எங்கே சுற்றினாலும் அங்கேதான் வந்து நிற்கிறேன். போன மாரியில் ஒரு வட்டு என் தொண்டையில் பட்டது, முகமூடிக்கும் மார்புக்கவசத்துக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி இருக்கும், அதைத் தேடி வந்ததுபோல வந்து பட்டது. பெரிய காயம் இல்லை. கொஞ்ச நாள் கஞ்சியும் சூப்பும், குரல் கரகரத்தது, அதோடு சரி. ஆனால் அதற்குப் பிறகு யாராவது மட்டையை ஓங்கினால் என் கண் மூடிக்கொள்கிறது. நான் மூடுவதில்லை, அது மூடுகிறது. ஒரு சொடக்கு நேரம் இருக்குமா, இருக்காது, அதற்குள் வட்டு வந்துவிடும். பயிற்சியில் வராது, ஆட்டத்தில் வரும், எல்லா ஆட்டத்திலும் வராது, வருமா வருமா என்று நான் காத்திருக்கிற ஆட்டத்தில் கட்டாயம் வரும். கோச் ஒரு நாள் கேட்டார், உனக்கு வட்டு தெரிகிறதா என்று. வெளிச்சம் சரியில்லை என்று சொன்னேன். அரங்கத்தில் புது விளக்கு போட்டார்கள், எனக்காக இல்லை, பழையது பழுதாகிப்போனதால், ஆனாலும் நான் அந்த விளக்கை நிமிர்ந்து பார்க்க வெட்கப்பட்டேன். கோலி என்றால் எல்லோரும் விலகுகிற பொருளுக்கு முன்னால் போய் நிற்கிறவன். அதைத் தவிர அந்த வேலையில் வேறு ஒன்றுமே இல்லை. பயம் பிடித்த கோலி என்றால் தண்ணீருக்குப் பயந்த மீன்காரன். இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. சொன்னால் உண்மையாகிவிடும், சொல்லாத வரைக்கும் அது இடுப்பு வலி, வெளிச்சம், நித்திரை இல்லாமை, வயது. ஐந்து கோலில் எத்தனைக்குக் கண் மூடியது என்று எனக்குத் தெரியும். ஐந்துக்கும்.

அப்பா இன்னும் வரவில்லை. அது ஒன்றுதான் ஆறுதல். வழியில் பனி கொட்டுகிறது, மெல்ல மெல்ல வாறன், நீ யோசியாமல் விளையாடு என்று முதல் பகுதிக்கு முன்னால் செய்தி அனுப்பியிருந்தார். ஸ்காபரோவிலிருந்து இந்த ஊருக்கு ஒரு பகல் முழுக்கக் கார் ஓடவேண்டும். அறுபத்தெட்டு வயது. நான் வரச்சொல்லவில்லை, அவர்தான் சொன்னார், நீ கோலுக்குள்ளை நிக்கிறதை ஒருக்கா பாக்கவேணும் தம்பி என்று. இதைக் கேட்கிறவர்கள் நம்பமாட்டார்கள், என் அப்பா நான் விளையாடி ஒரு நாளும் பார்த்ததில்லை. என்னை விளையாடக் கூட்டிப்போனது முழுக்க அவர்தான். பாண் சுடுகிற தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து, காலில் மா படிந்த சப்பாத்தோடு வீட்டுக்கு வந்து, விடியமுன்னம் என்னை எழுப்பி, என்னைவிடப் பெரிய பையை டிக்கிக்குள் ஏற்றி அரங்கத்துக்குக் கொண்டுபோவார். அங்கே கால்கவசத்தை வலம் இடம் மாற்றிக் கட்டுவார், மற்றப் பெடியன்களின் அப்பாமார் சிரிப்பார்கள், எனக்குக் கோபம் வரும், அவருக்கு வராது. என்னை உள்ளே அனுப்பிவிட்டுக் காருக்குப் போய் சீற்றைச் சாய்த்துப் படுத்துவிடுவார். ஆட்டம் முடிந்து நான் கண்ணாடியில் தட்டினால் எழும்பி, வெண்டியோ என்பார். ஓம் என்றாலும் இல்லை என்றாலும், சரி, பசிக்குதோ என்பதுதான் அடுத்த கேள்வி. பிறகு நான் போன ஊர்கள் எல்லாம் தூரம். அமெரிக்காவின் தெற்கே பனியே விழாத ஊர்களில் பனிக்கட்டியின்மேல் நின்றிருக்கிறேன், பஸ்ஸில் நித்திரை, பஸ்ஸில் சாப்பாடு, ஒவ்வொரு புரட்டாதியும் வேறொரு அணி, வேறொரு நிறத்தில் சட்டை. முதுகில் பெயர் மட்டும் மாறியதில்லை. அது என் பெயர்கூட இல்லை. எங்கள் ஆட்களின் வழக்கப்படி அப்பாவின் பெயர்தான் எனக்குக் கடைசிப் பெயர்: சிற்றம்பலம். நான் கௌரீபன், ஆனால் இந்த நாட்டில் பாதிப் பேருக்கு நான் சிற்றம்பலம், ஒலிபெருக்கியில் சொல்கிறவர் அதைச் சொல்லத் தொடங்கி நடுவில் கைவிட்டுவிடுவார், கூட விளையாடுகிறவர்கள் சிட்டி என்று சுருக்கிவிட்டார்கள். சட்டை தைக்கிறவர்களுக்கும் வில்லங்கம், எழுத்து ஒரு தோளிலிருந்து மறுதோளுக்கு வளைந்து போகும். அந்தச் சட்டையின் படத்தை அப்பா தன் போனில் வைத்திருக்கிறார். பாண் தொழிற்சாலையில் கூட வேலை செய்தவர்களுக்கெல்லாம் காட்டியிருக்கிறார். என்ர பேர், என்ர பேர் என்று.

ஒரே ஒரு தரம் டிவியில் பார்த்தார். அது சொல்லத்தக்க கதை இல்லை, ஆனால் மனம் அங்கேயும் போகிறது. பெரிய லீக்கில் ஒரு அணிக்கு ஒரு நாள் மட்டும் என்னைக் கூப்பிட்டார்கள், அவர்களுடைய இரண்டாவது கோலிக்குக் காய்ச்சல். வீட்டில் சொந்தக்காரர் எல்லாம் கூடி, அம்மா ரோல்ஸ் சுட்டு, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் போன் பண்ணி, எல்லோரும் டிவிக்கு முன்னால் இருந்தார்கள். நான் இதேபோலத் தொப்பியோடு வாங்கின் நுனியில் இருந்தேன். ஆட்டம் முடியும் வரைக்கும் இருந்தேன். கமரா என்னை ஒரு தரம் காட்டியதாம், கதவைத் திறக்கிற நேரம். அப்பா போனில் சொன்னார், கதவை நல்ல நேரத்துக்குத் திறந்தனீ, அந்தப் பெடியன் இடிபடாமல் வந்திட்டான். கிண்டல் இல்லை. அவருக்குக் கிண்டல் பண்ணத் தெரியாது. நான் போனை வைத்துவிட்டு ஹோட்டல் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன், அது வேறு. இப்போது இருபுறமும் மாறி மாறி ஆட்கள் வருகிறார்கள், இந்தப் பகுதியில் எங்கள் கோல் வாங்கிலிருந்து தூரத்து முனையில், அதனால் வருகிறவன் நீண்ட தூரம் வருகிறான், களைப்போடு வருகிறான், கதவைப் பிந்தித் திறந்தால் கெட்ட வார்த்தை சொல்வான். அப்பாவுக்கு நான் எடுத்து வைத்த சீற்றும் அந்தத் தூரத்து முனையில்தான், கோலுக்குப் பின்னால், கண்ணாடியை ஒட்டி. இரண்டாம் பகுதி முழுக்க என்னைக் கை எட்டுகிற தூரத்தில் பார்க்கட்டும் என்று நானே யோசித்துத் தெரிந்தெடுத்த சீற்று. வெறுமையாக இருக்கிறது. வழியில் பனி கூடட்டும். ரோட்டை மூடட்டும். பத்திரமாக எங்காவது ஒரு கோப்பிக் கடையில் இருந்து ஆட்டம் முடிந்தபிறகு வரட்டும்.

வந்துவிட்டார். மண்ணிறக் கோட்டு, காதை மூடிய கம்பளித் தொப்பி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்குகிறார், மன்னிக்கவேணும் மன்னிக்கவேணும் என்று ஒவ்வொரு முழங்காலையும் கடந்து போகிறார், இங்கிருந்து எனக்குக் கேட்காது, ஆனால் தெரியும். சீற்றில் இருக்கவில்லை. கண்ணாடிக்குக் கிட்டப் போய் நின்றார். எங்கே பார்க்கிறார்? என்னைத் தேடுகிறாரா? நான் தொப்பியை இழுத்தேன், இந்தத் தூரத்தில் எல்லாரும் ஒரே மாதிரித்தான் இருப்போம், ஆனாலும் இழுத்தேன். பிறகு பார்த்தேன், அவர் வாங்குப் பக்கம் திரும்பவே இல்லை. கோலைப் பார்க்கிறார். கோலுக்குள் நிற்கிறவனின் முதுகைப் பார்க்கிறார். கோர்டி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சறுக்கித் திரும்பிய நேரத்தில் நானும் கண்டேன், வியர்வையில் ஊறி அந்த வெள்ளைப் பட்டி கழன்றுபோய் ஒரு தோளில் ஒட்டிக்கொண்டு தொங்குகிறது, முதுகில் பெயர் முழுசாகத் தெரிகிறது, ஒரு தோளிலிருந்து மறுதோளுக்கு. கவசமும் முகமூடியும் போட்டுவிட்டால் நானும் கோர்டியும் ஒரே உருவம், பெத்த தாய்க்கும் தெரியாது. அப்பா பக்கத்துச் சீற்றில் இருந்த பெரிய மனிதர் ஒருவரின் கையைத் தொட்டார். சட்டையைக் காட்டினார். பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அந்த மனிதர் அவருக்குக் கை கொடுத்தார். அடுத்த வரிசைக்காரர் திரும்பி அவரும் கை கொடுத்தார். அப்பா கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் தலையசைக்கிறார். வியர்வை குளிர்ந்து முதுகு விறைக்கிறது, முகம் மட்டும் எரிகிறது. டேய் கதவு, என்றான் யாரோ. திறந்தேன்.

என்ன செய்யலாம். போன் உடைமாற்றும் அறையில். பெப்பை அனுப்பலாம், போய் அந்தக் கிழவரிடம் சொல்லுங்கள், அது உங்கள் மகன் இல்லை, உங்கள் மகன் அங்கே, தொப்பி போட்டவன். அதை பெப் எந்த முகத்தோடு போய்ச் சொல்வார், நான் எந்த முகத்தோடு அவரிடம் கேட்பேன். ஒன்றும் செய்யாமல் இருக்கலாம். இந்தப் பகுதி முடிந்தால் அடுத்ததில் எங்கள் கோல் இந்தப் பக்கம் வந்துவிடும், முன்னால் நின்றாலும் முகமூடி முகமூடிதான், ஆட்டம் முடிந்ததும் நான் குளித்து ஈரத்தலையோடு வெளியே போனால் கட்டிப்பிடிப்பார், என்ன மாதிரி விளையாடினாய் தம்பி என்பார், நான் என்ன சொல்லவேண்டும், ஒன்றும் சொல்லத் தேவையில்லை, ஓம் என்றால் போதும், இல்லை, ஓம்கூடச் சொல்லத் தேவையில்லை, சிரித்தால் போதும். இதை நான் உண்மையாகவே யோசிக்கிறேன். மெத்தைக் கடைக்காரர் தடுத்ததை என் கணக்கில் எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போவதை யோசிக்கிறேன். சீ என்று இருக்கிறது, சீ என்று இருந்தும் யோசிக்கிறேன். ஒரு கணம் கோர்டி கோல் விடட்டும் என்று மனம் கேட்கிறது, ஒன்று, இரண்டு, ஆறு, எல்லாரும் பார்க்கட்டும், சிட்டியால் மட்டுமா முடியவில்லை என்று. அடுத்த கணம் அப்பாவின் முகத்தைப் பார்த்தால் விடக்கூடாது, ஒன்றுகூட விடக்கூடாது, அந்த மனிதருக்கு முன்னால் அவர் தலை குனியக்கூடாது. விடட்டும். விடக்கூடாது. எது என் மனம் என்று எனக்கே தெரியவில்லை. கோர்டி கையுறையை நீட்டி ஒன்றைப் பிடித்தார், அழகாக, வெட்கமில்லாமல் அழகாக, வட்டைக் கண்ணால் கையுறை வரைக்கும் கொண்டுவந்து பிடித்தார், நான் போன மாரிக்கு முன்னால் பிடித்ததுபோல. அப்பா துள்ளினார். அறுபத்தெட்டு வயதில், மூட்டு வலியோடு, துள்ளினார். என்னைப் பார்த்து இந்த உலகத்தில் யாரும் அப்படித் துள்ளியதில்லை, இப்போதும் என்னைப் பார்த்து இல்லை.

அப்போதுதான் அது நடந்தது. எதிரணிக்காரன் ஒருவன் வேகமாக உள்ளே வந்தான், எங்கள் ஆள் அவனைப் பின்னாலிருந்து தள்ளினான், அவன் நிலை தவறி முழுப் பாரத்தோடு கோர்டியின்மேல் விழுந்தான், கோர்டியின் தலை இரும்புக் கம்பத்தில் பட்டது. அந்தச் சத்தம் வாங்கு வரைக்கும் கேட்டது. கோர்டி குப்புற விழுந்து அப்படியே கிடந்தார். விசில். அரங்கம் அடங்கிவிட்டது. எனக்கு முதலில் வந்தது என்ன நினைப்பு என்று சொல்லவே வாய் கூசுகிறது: ஐயோ, இனி நான் போகவேணும். ஐயோ கோர்டி இல்லை, ஐயோ நான். கோச் திரும்பி என் பக்கம் கையைக் காட்டத் தொடங்குகிறார், நான் அவரைப் பார்க்கவில்லை, தூரத்து முனையைப் பார்க்கிறேன். அப்பா இரண்டு கையாலும் கண்ணாடியில் அடிக்கிறார். வாய் திறந்து மூடுகிறது. தம்பி. தம்பி. அந்தப் பெரிய மனிதர் அவருடைய தோளைப் பிடித்து இழுக்கிறார், அப்பா உதறிவிட்டு மறுபடி அடிக்கிறார். நான் கதவைத் திறந்துகொண்டு இறங்கினேன். முகமூடி எடுக்கவில்லை, மட்டை எடுக்கவில்லை. அந்தத் தூரம் முழுக்க எப்படிப் போனேன் என்று தெரியாது. கோர்டியிடம்தான் போகிறேன் என்று நினைத்து எல்லோரும் வழிவிட்டார்கள். கோர்டியைக் கடந்து போனேன். அவருக்குப் பக்கத்தில் முதலுதவிக்காரப் பெண் முழங்காலில் இருந்து கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள், நான் அவர்களைச் சுற்றிக்கொண்டு, கோலுக்குப் பின்னால் போய், கண்ணாடிக்கு முன்னால் நின்றேன். அப்பா, என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் நின்ற இடம் கோர்டியை அவருக்கு மறைத்துவிட்டது. விலகு, விலகு என்று கையால் என்னை ஒதுக்கினார், எரிச்சலோடு, தெருவில் யாரோ ஒருவனை ஒதுக்குவதுபோல. நான் விலகவில்லை. அவர் இந்தப் பக்கம் சாய்ந்தார், அந்தப் பக்கம் சாய்ந்தார், கண்ணீர் ஓடுகிறது, என் தோளுக்கு மேலாக எட்டி எட்டிப் பார்க்கிறார், மகன் கிடக்கிறான், எவனோ ஒரு மடையன் குறுக்கே நின்று மறைக்கிறான். நான் தொப்பியைக் கழற்றினேன்.

கண்ணாடிப் பலகைகள் இரண்டு சேருகிற இடத்தில் ஒரு சின்ன நீக்கல் இருக்கும், அதன் வழியாகச் சத்தம் வரும். அப்பா என் முகத்தைப் பார்த்தார். பிறகு நீக்கலில் வாயை வைத்துக் கேட்டார்.

“நீயோ? அப்ப அது ஆர்?”

“மெத்தைக் கடை வச்சிருக்கிறவர், அப்பா. என்னை வெளியிலை எடுத்திட்டாங்கள்.”

சொல்லிவிட்டேன். இனி அவருடைய முகம் மாறும் என்று காத்திருந்தேன், அதைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்ததுபோல நின்றேன். மாறவில்லை. அழுகை அதே அழுகைதான், நிற்கவில்லை. என் தோளுக்கு மேலாக மறுபடியும் எட்டினார்.

“ஆரெண்டாலும் விழுந்து கிடக்கிறான். என்னை என்னத்துக்குப் பாக்கிறாய், அவனைப் போய்ப் பார்.”

திரும்பினேன். அந்தத் திரும்புதலில் இருந்த வெட்கத்துக்குப் பக்கத்தில் ஐந்து கோலும் ஒன்றுமே இல்லை. கோர்டியிடம் முழங்காலில் இருந்தேன், அவருடைய கையுறையைக் கழற்றிக் கையைப் பிடித்தேன். விரல்கள் என் கையை இறுக்கின. கால் அசைகிறது என்று அந்தப் பெண் சொன்னாள். கோர்டி பனியில் கன்னம் பதிய, உள்ளே போனதா என்று கேட்டார். இல்லை, நீங்கள் தடுத்துவிட்டீர்கள் என்றேன். அவர் சிரிக்கப் பார்த்தார். என் பெயர் போட்ட முதுகை அணைத்து, மெல்லப் புரட்டி, தூக்குப்படுக்கையில் வைக்க நானும் ஒரு பக்கம் பிடித்தேன். அரங்கம் எழும்பி நின்று கைதட்டியது, அப்பாவும் தட்டினார், கண்ணைத் துடைத்துத் துடைத்துத் தட்டினார். பெப் என் முகமூடியையும் மட்டையையும் கொண்டுவந்து தந்தார். கோச் தூரத்திலிருந்து என்னைப் பார்த்தார், நானும் அவரைப் பார்த்தேன், வேறு வழியில்லை அவருக்கு. கோலுக்குள் போய் நின்று பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து சத்தம் வந்தது.

“தம்பி. எத்தினை விட்டனீ?”

திரும்பாமல் சொன்னேன். “ஐஞ்சு.”

மறுபடியும் பனியைச் சுரண்டினேன்.

“பயமா இருக்கோ?”

எப்படிக் கேட்டார் என்று எனக்குத் தெரியவில்லை. ஒருவருக்கும் சொல்லாததை, கோச்சிடம் வெளிச்சம் என்று சொன்னதை, முகமூடிக்குள்ளிருந்து, முன்னால் பார்த்தபடியே சொன்னேன். ஓம் அப்பா. சரி, நான் இஞ்சைதான் நிக்கிறன் என்றார். நடுவர் வட்டைப் போட்டார், மட்டைகள் மோதின, எங்கள் ஆள் தவறவிட்டான், அவர்களில் ஒருவன் எனக்கு நேரே வந்து மட்டையை ஓங்கினான். இப்போது மூடும், இப்போது மூடும் என்று நினைத்தேன். மூடவில்லை. வட்டு மட்டையை விட்டதைக் கண்டேன், அதன் விளிம்பு சுழன்றதைக் கண்டேன், வரும் வழி முழுக்கக் கண்டேன், கையுறையை நீட்டினேன், என் கை முன்னைப்போல இல்லை, வட்டு விரல் நுனியில் பட்டு, கம்பத்தில் பட்டு, உள்ளே போய்விட்டது. சிவப்பு விளக்கு எரிந்தது. எங்கள் ஊர்ச் சனங்கள் ஊ என்றார்கள். நான் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு முழுசாகத் திரும்பினேன். அப்பா கண்ணாடியை ஒட்டி நின்றிருந்தார், கம்பளித் தொப்பியை நெஞ்சோடு பிடித்தபடி.

“ஆறு, அப்பா.”

“ஆறெண்டா ஆறு,” என்றார். “பாத்துக்கொண்டுதான் நிண்டனான். நீ அங்காலை திரும்பு.”